ஸ்வீட் கார்ன் பேக்: கிரீம் கம்மியா, கதிர்ப்பால் நெறைய

முதல்லயே சொல்லிருதேன், இந்த பேக்டு கிரீம் கார்ன்ல கிரீம்ங்கிறது சும்மா பேருக்குத்தான். ரெண்டு பாக்கெட் கிரீம வெட்டி ஊத்தி மேல சீஸ அள்ளிப் போட்டா கொழகொழன்னு ஏதோ ஒண்ணு வரும், தின்னா சோளம் தின்ன மாதிரியே இருக்காது. கதிருக்குள்ளயே பால் இருக்கு, அத ஒழுங்கா எடுத்துட்டா பாக்கெட்ல கால்வாசி போதும். தேங்காப்பால் பிழிஞ்சு சொதி வச்சுப் பழகுன கைக்கு இதெல்லாம் ஒரு வேலையே கெடையாது.

அமெரிக்காவுல நவம்பர் மாசம் நாலாவது வியாழக்கிழமை தேங்க்ஸ்கிவிங் கொண்டாடுதாவல்லா, அன்னைக்கு வான்கோழிக்குப் பக்கத்துல தொட்டுக்க வைக்கிற ஐட்டத்துல இதுவும் ஒண்ணு. நமக்கு வான்கோழி எதுக்கு, பாளையங்கோட்டைல கிறிஸ்துமஸ் மதியத்துக்கு சிக்கன் ரோஸ்ட் பண்ணுற வீட்டுல இத வச்சுப் பாருங்க, காரத்துக்கு அப்படி எடுத்துக் குடுக்கும். ஆனா சொதிச் சாப்பாட்டுக்குப் பக்கத்துல மட்டும் வச்சுறாதீய. சொதியும் லேசா இனிப்பு, இதுவும் இனிப்பு, ரெண்டும் ஒண்ண ஒண்ணு கெடுக்கும். சொதிக்கு இஞ்சிப் பச்சடியும் உருளைக்கெழங்கு சிப்ஸும்தான், அதுல கை வைக்க வேண்டாம்.

சரி, கதிர் வாங்குறதுக்கு வருவோம், பாதி சமையல் இங்கதான் இருக்கு. கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கம் கரிசக்காட்டுல ஏக்கர் கணக்குல நிக்கிற மக்காச்சோளம் வேற, அது பெரும்பாலும் கோழித் தீவனத்துக்குப் போறது, முத்த விட்டு ஒடிப்பாவ. நமக்கு வேண்டியது ஸ்வீட் கார்ன், இது பால் புடிச்ச பருவத்துலயே ஒடிக்கிறது. குத்தாலத்துல சீசன் சமயத்துல சாரல்ல நனைஞ்சுக்கிட்டே மொளகாத்தூள் தடவித் திங்குறோமே, அந்த மாதிரி அவிச்ச கதிரும் இதுக்கு ஆகாது, வெந்த மணில பால் வராது. பச்சக் கதிர்தான் வேணும், தோகையோட வேணும், உரிச்சு பிளாஸ்டிக் சுத்தி வச்சிருக்கிறத எடுக்காதீய.

நயினார்குளம் மார்க்கெட்டோ பாவூர்சத்திரமோ எங்கன வாங்குனாலும், தோகைய ஓரமா கொஞ்சம் போல பிரிச்சு நடுவுல உள்ள ஒரு மணிய நகத்தால அழுத்துங்க. வெள்ளையா பால் தெறிச்சா சரியான கதிர். வெறும் தண்ணியா வந்தா பிஞ்சு. ஒண்ணுமே தெறிக்காம மாவா நகத்துல ஒட்டுனா முத்தல், திரும்ப அங்கனயே வச்சுருங்க. ஒரு கதிர்ல பாத்தா போதும், எல்லாத்தையும் கீறிக்கிட்டு நின்னா அண்ணாச்சி சும்மா விடமாட்டாரு, அவருக்கும் யாவாரம் ஆகணும்லா.

வாங்குன அன்னைக்கே செஞ்சுருங்க. ஒடிச்ச நேரத்துலருந்தே கதிர்ல உள்ள இனிப்பு மாவுச்சத்தா மாற ஆரம்பிச்சுரும், நம்ம வெயிலுக்கு அது இன்னும் வெரசா நடக்கும். முடியலேன்னா தோகை உரிக்காம ஃபிரிட்ஜுல வைங்க. இப்ப கடைல வர்ற சூப்பர் ஸ்வீட் ரகமெல்லாம் இனிப்பு தாங்கி நிக்கும்தான், ஆனா அதுல மாவுச்சத்து கம்மி, பால் தண்ணியாத்தான் இருக்கும், அதனாலதான் கொஞ்சம் மைதா சேக்க வேண்டியிருக்கு. இல்லேன்னா மைதாவே வேண்டாம்னு சொல்லிருப்பேன்.

ஆறு பேருக்கு அளவு: கதிர் 5, வெண்ணெய் 3 டேபிள்ஸ்பூன், பெரிய வெங்காயம் ஒண்ணு ரொம்பப் பொடியா நறுக்குனது, பச்சமொளகா 1, மைதா ஒன்றரை டேபிள்ஸ்பூன், பால் 250 மில்லி, ஃபிரெஷ் கிரீம் 50 மில்லி, சீஸ் ஒரு 50 கிராம், ரொட்டித்தூள் அரை கப், உப்பு, மொளகுத்தூள், ஜாதிக்கா இருந்தா ஒரு உரசு. பூண்டு போடலாமான்னு கேப்பாவ, வேண்டாம், சோள வாசனைய அமுக்கிரும்.

இப்ப பால் எடுக்குற வேலை. அகலமான கும்பாவுல கதிர செங்குத்தா நிறுத்தி மேலருந்து கீழ கத்திய எறக்கணும், மணிய அடியோட வெட்டாம முக்கால் ஆழத்துக்கு மட்டும் சீவுங்க, அடில உள்ள தோலு கட்டையிலயே நிக்கட்டும், அது வெந்தாலும் பல்லுல சிக்கும். சீவி முடிச்ச பொறவு கத்தியத் திருப்பி, அதோட முதுகுப் பக்கத்த வச்சு கட்டைய அழுத்தி வழிங்க. வெட்டுப்பட்ட ஒவ்வொரு குழிலருந்தும் கெட்டியா வெளிர் மஞ்சளா பால் பிதுங்கி வழியும், கூடவே மணியோட குருத்தும் உதிரும், கட்டையத் திருப்பித் திருப்பி ரெண்டு தடவ வழிச்சா கும்பாவுக்கு அடில நல்லா தேங்கி நிக்கும். இதுதான் சரக்கு. பொறுமை இல்லாம இந்த எடத்த விட்டுட்டுத்தான் அம்புட்டு பேரும் கிரீம் பாக்கெட்டுக்கு ஓடுதாவ.

வழிச்ச கட்டையவும் தூரப் போடாதீய, ரெண்டா ஒடிச்சு அந்த 250 மில்லி பாலோட கொஞ்சம் தண்ணி சேத்து சின்னத் தீயில பத்து நிமிசம் போட்டு எடுத்தா பாலுக்கே சோள வாசனை ஏறிரும். வடிகட்டி வச்சுக்கோங்க. சீவுன மணில மூணுல ஒரு பங்க மிக்சில போட்டு ரெண்டு சுத்து சுத்துங்க, நைசா வேண்டாம், ஒண்ணும் பாதியுமா இருந்தா போதும்.

சீனிச்சட்டிய (வாணலிய) வச்சு ரெண்டு டேபிள்ஸ்பூன் வெண்ணெய் போட்டு, உருகுனதும் வெங்காயமும் பச்சமொளகாவும். வெங்காயம் கண்ணாடியா வதங்கணும், செவக்கக் கூடாது, செவந்தா கலரும் போச்சு ருசியும் மாறிப்போச்சு. அடுத்து முழு மணியப் போட்டு அஞ்சு நிமிசம் கிண்டுனா பச்ச வாசனை போயிரும், மைதாவத் தூவி இன்னொரு நிமிசம். அப்புறம் வெதுவெதுன்னு இருக்க பால கொஞ்சங் கொஞ்சமா ஊத்திக்கிட்டே கிண்டுங்க, ஒரேயடியா ஊத்துனா கட்டி தட்டிரும். கடைசியா அரைச்சதும் வழிச்ச பாலும். இங்கன தீயக் கொறச்சுருங்க, கதிர்ப்பால் உள்ள போனதும் திடுக்குன்னு கெட்டியாகும், அடி புடிக்கும், செல்போன எடுத்துப் பாத்தீயன்னா அவ்வளவுதான். நாலஞ்சு நிமிசத்துல கரண்டியத் தூக்கினா தோசமாவு பதத்துக்கு விழணும். அதவிட கெட்டியா இருந்தா இன்னும் கொஞ்சம் பால் விடுங்க, ஏன்னா பேக் பண்ணும்போதும் இறுகும், ஆறும்போது இன்னும் இறுகும். அடுப்ப அணைச்சு கிரீம், உப்பு, மொளகு, ஜாதிக்கா, பாதி சீஸ். ருசி பாத்துட்டு இனிப்பு பத்தலன்னா மட்டும் அரை ஸ்பூன் சீனி, நல்ல கதிருக்கு அது தேவையே படாது.

ஓடிஜிய (பேக் பண்ணுற கரண்டு அடுப்பு) 180 டிகிரில பத்து நிமிசம் முன்னாடியே சூடாக்கி வைங்க. கண்ணாடி டிரேல வெண்ணெய் தடவி கலவைய ஊத்தி, மிச்ச சீஸையும், மிச்ச வெண்ணெய உருக்கிப் பெரட்டுன ரொட்டித்தூளையும் மேல தூவுங்க. விளிம்பு வரைக்கும் ஊத்துனா பொங்கி வழியும், ரெண்டு வெரக்கட எடம் விடுங்க. 25 நிமிசம் ஆவும். ஓரமெல்லாம் புளுக் புளுக்னு கொதிச்சு மேல செவந்துருக்கணும், செவக்கலேன்னா கடைசி மூணு நாலு நிமிசம் மேல் ராட மட்டும் போட்டு பக்கத்துலயே நில்லுங்க. வெளிய எடுத்து பத்து நிமிசம் ஆற விட்டுத்தான் கரண்டி போடணும், சூட்டோட எடுத்தா தண்ணியா ஓடும், வாயும் வெந்துரும்.

ஓடிஜி இல்லாதவங்க பழைய கனத்த அலுமினியப் பாத்திரத்துல கல்லுப்பு பரப்பி, மேல ஒரு ஸ்டாண்டு வச்சு, மூடி போட்டு பத்து நிமிசம் காய விட்டு, உள்ள எவர்சில்வர் டிரேய எறக்குங்க. சின்னத் தீயில 35 நிமிசம். நல்ல குக்கர இதுக்கு எடுக்காதீய, வெறுஞ்சூட்டுல கெட்டுப்போயிரும். இதுல மேல்பக்கம் செவக்காது, எத்தன நேரம் வச்சாலும் செவக்காது, அதனால ரொட்டித்தூள வெண்ணெய்ல தனியா பொன்னிறமா வறுத்து பரிமாறும்போது தூவிருங்க. உண்மையச் சொல்லணும்னா எனக்கு இந்த வறுத்துத் தூவுறதுதான் இன்னும் புடிக்கும், மொறுமொறுப்பு போகாது.

பால், வெண்ணெய் சேக்காதவங்க இருந்தா சீஸ விட்டுட்டு, வெண்ணெய்க்குப் பதிலா தேங்காண்ணெய், பசும்பாலுக்குப் பதிலா ரெண்டாம் தேங்காப்பால், கிரீமுக்குப் பதிலா தலைப்பால் (மொதல்ல பிழியுற கெட்டிப் பால்). தலைப்பால அடுப்ப அணைச்ச பொறவு ஊத்துங்க, சொதிக்கு எப்படியோ அப்படியேதான், கொதிக்க விட்டா திரிஞ்சுரும். ரொட்டித்தூளோட ரெண்டு முந்திரியும் ஒடிச்சுப் போடலாம்.

முட்ட சேக்கலாமான்னா, தாராளமா. கலவை நல்லா ஆறுன பொறவு ரெண்டு முட்டைய அடிச்சு ஊத்துனா துண்டு போடுற பதத்துக்கு வரும், ஆனா அப்ப டிரேய வெந்நி ஊத்துன பெரிய தட்டுக்குள்ள வச்சுத்தான் பேக் பண்ணணும், 40 நிமிசம் ஆவும், நடுவுல கத்தியக் குத்துனா ஒட்டாம வரணும். மிஞ்சுனத மூடி ஃபிரிட்ஜுல ரெண்டு நாள் வைக்கலாம், சூடு பண்ணும்போது ரெண்டு ஸ்பூன் பால் தெளிச்சுக்கோங்க. மறுநாள் காலைல ரெண்டு ரொட்டிக்கு நடுவுல வச்சு தோசக்கல்லுல போட்டு எடுத்தீயன்னா புள்ளைக டிபன் பாக்ஸுக்கும் ஆச்சு.