பெர்ஃபார்மன்ஸ் காரின் மேனுவல் கியர்பாக்ஸ்: கியர் ஆயில் தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எஞ்சினில் பவர் கூடுதல், அதனால் கியர் ஆயிலும் இருப்பதிலேயே கெட்டியானதாக, அதிக அழுத்தம் தாங்குவதாக இருக்கட்டும் என்றுதான் பலர் யோசிக்கிறார்கள். கியர் பற்களை மட்டும் பார்த்தால் அது சரிதான். ஆனால் அதே ஆயிலுக்குள்தான் சிங்க்ரோவும் (கியர் மாற்றும்போது சுழலும் பாகங்களின் வேகத்தை ஒன்றாக்கும் அமைப்பு) மூழ்கியிருக்கிறது. பற்களுக்கு வழுக்கல் வேண்டும். சிங்க்ரோவுக்குப் பிடிமானம் வேண்டும். தேர்வில் நேரும் பெரும்பாலான தவறுகள் இந்த இரண்டாவது தேவையை மறப்பதால் வருபவை.

இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு லீவரைத் தள்ளும்போது உள்ளே நடப்பதைப் பாருங்கள். ஸ்லீவ் (கியரைத் தண்டோடு பூட்டும் நகரும் உறை) நகர்ந்து, சிங்க்ரோ வளையத்தை மூன்றாவது கியரின் கூம்பு மேல் அழுத்துகிறது. வளையத்தின் உட்புறத்தில் மெல்லிய வரிப்பள்ளங்கள் உண்டு. அவை கூம்பின் மேலுள்ள ஆயில் படலத்தை வழித்துத் தள்ளினால்தான் வளையம், பிரேக் பேடு டிஸ்க்கைப் பிடிப்பதுபோல், கூம்பைப் பிடிக்கும். இரண்டின் வேகமும் ஒன்றாகும்வரை வளையத்தின் பற்கள் ஸ்லீவை மறித்து நிற்கும். வேகம் ஒத்துப்போனதும் வழிவிடும். ஆயில் மிகக் கெட்டியாக இருந்தால் படலம் வெட்டுப்படத் தாமதமாகும். அதிகமாக வழுக்கினால் கூம்பு சுழன்றுகொண்டே இருக்கும். உயர் ஆர்பிஎம்மில் வேகமாக கியர் மாற்றும் காரில் இந்தச் சிறு தாமதமே 'கர்ர்' என்ற சத்தமாக வெளிப்படும். ஒவ்வொரு முறை அந்தச் சத்தம் வரும்போதும் பற்களின் முனை கொஞ்சம் மழுங்குகிறது.

ஜிஎல்-5 என்றால் ஜிஎல்-4-ஐ விட உசத்தி என்ற நினைப்பு

இதுதான் அதிகம் நடக்கும் தவறு, அதிகச் செலவு வைப்பதும் இதுதான். அமெரிக்கப் பெட்ரோலியக் கழகமான ஏபிஐ கியர் ஆயில்களுக்குத் தரும் இந்த எண்கள் தரவரிசை அல்ல. எந்த வேலைக்கு என்பதைச் சொல்பவை. ஜிஎல்-5 என்பது ஹைப்பாய்டு கியருக்கானது (அச்சுகள் ஒன்றையொன்று வெட்டாமல் விலகியிருக்கும் கியர் ஜோடி). அத்தகைய கியர் இருக்கும் பின் டிஃபரன்ஷியலில் (சக்கரங்களுக்கு பவரைப் பிரித்தளிக்கும் பெட்டி) பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருள்வதோடு பக்கவாட்டிலும் கடுமையாக உரசிச் செல்லும். அதைத் தாங்க, கந்தகமும் பாஸ்பரசும் கொண்ட அழுத்தம் தாங்கும் சேர்மங்களை ஜிஎல்-4-இல் இருப்பதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு சேர்க்கிறார்கள். சூடேறும்போது இவை உலோகப் பரப்போடு வினைபுரிந்து, தான் தேய்ந்து உலோகத்தைக் காக்கும் தியாகப் படலம் ஒன்றை உண்டாக்கும். எஃகின் மேல் அது பாதுகாப்பு. பித்தளை, வெண்கல வளையத்தின் மேல் அந்தப் படலம் உரிந்து போகும்போது உலோகத்தையும் கொஞ்சம் கூடவே எடுத்துக்கொண்டு போகலாம்.

இப்போது வரும் ஜிஎல்-5 ஆயில்கள் பலவற்றில் வினைத்திறன் குறைந்த கந்தகமே பயன்படுகிறது. பித்தளை அரிப்பு முன்புபோல் இல்லை. அதனால் பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. அரிக்காவிட்டாலும், வளையத்துக்கு வேண்டிய உராய்வை அந்தச் சேர்மங்கள் குறைக்க முடியும்.

மறுபக்கமும் உண்டு. சுபாருவின் பல மாடல்களில் கியர்பாக்ஸும் முன் டிஃபரன்ஷியலும் ஒரே ஆயிலைப் பகிர்கின்றன. உள்ளே ஹைப்பாய்டு கியர் இருப்பதால் கம்பெனியே ஜிஎல்-5 கேட்கிறது. அங்கே ஜிஎல்-4 ஊற்றினால் முன் டிஃபரன்ஷியல் தேயும். ஆகவே 'மேனுவல் என்றால் ஜிஎல்-4' என்று மனப்பாடம் செய்வதும் தவறுதான். காரோடு வரும் கையேட்டுப் புத்தகம் சொல்வதுதான் முடிவு.

டப்பாவின் முன்பக்க எழுத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். 'ஜிஎல்-4 பிளஸ்' என்று ஏபிஐயில் ஒரு வகையே கிடையாது. 'ஜிஎல்-4/ஜிஎல்-5' என்று இரண்டையும் போட்டிருந்தால், சேர்மங்களின் அளவு ஜிஎல்-5-க்கு உரியதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். எம்டி-1 என்பது சிங்க்ரோ இல்லாத லாரி, பஸ் கியர்பாக்ஸுக்கான வகை. கார் சிங்க்ரோ பற்றி அது எதுவும் சொல்வதில்லை. தயாரிப்பாளரின் தொழில்நுட்பத் தாளில் செம்புத் தகடு அரிப்புச் சோதனை, அதாவது ஏஎஸ்டிஎம் டி130, முடிவு இருக்கும். 1ஏ, 1பி என்றால் செம்பு சார்ந்த உலோகங்களுக்கு மென்மையானது. எண் 4-ஐ நோக்கிப் போகப் போக அரிப்பு கூடும். இரண்டு ஆயில்களை ஒப்பிடும்போது சோதனை வெப்பநிலையும் நேரமும் ஒன்றுதானா என்று பாருங்கள். 100 டிகிரியில் வாங்கிய 1பி-யும் 121 டிகிரியில் வாங்கிய 1பி-யும் ஒன்றல்ல.

எண்ணைப் பார்த்துக் கெட்டி என்று முடிவுகட்டுவது

75டபிள்யூ-90 என்பது 10டபிள்யூ-40 எஞ்சின் ஆயிலைவிட இரு மடங்கு கெட்டி என்று நினைப்பவர்கள் உண்டு. இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள். டபிள்யூவோடு வரும் எண் குளிரில் ஆயில் ஓடும் தன்மையையும், அடுத்த எண் சூட்டில் அதன் கெட்டித்தன்மையையும் குறிக்கும். கியர் ஆயில் கிரேடுகளுக்கான எஸ்ஏஇ ஜே306 தரவிதியின்படி 90 கிரேடு கியர் ஆயில் 100 டிகிரி செல்சியஸில் 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக் (கெட்டித்தன்மையின் அலகு) வரை இருக்கலாம். எஞ்சின் ஆயிலில் 40 கிரேடின் வரம்பு 12.5 முதல் 16.3. பாதிக்கு மேல் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன.

90 கிரேடுக்கே இவ்வளவு அகலமான வரம்பு இருப்பதால், ஒரே 75டபிள்யூ-90 என்று எழுதிய இரண்டு ஆயில்கள் லீவரில் வேறு வேறு மாதிரி உணரப்படும். காலையில் முதல் சில கிலோமீட்டருக்கு இரண்டாவது கியர் அடம்பிடிக்கிறது, சூடானதும் சரியாகிறது என்றால், அதே கிரேடுக்குள் 100 டிகிரி மதிப்பு குறைந்த, குளிரில் நன்றாக ஓடும் சிந்தெடிக் ஆயிலைப் பாருங்கள். கிரேடையே மாற்றும் முன் இதைச் செய்வது நல்லது. 75டபிள்யூ-80 கேட்கும் கியர்பாக்ஸில் 'டிராக்குக்குப் போகிறோமே' என்று 75டபிள்யூ-140 ஊற்றினால் வெப்பம் கூடும், சிங்க்ரோ திணறும். தேவைக்கு மேல் மெலிதாகப் போனால் பல் பரப்பில் படலம் போதாது. ஐடிலில் கலகலவென்ற சத்தமும் கூடும்.

எல்லா மேனுவலும் கியர் ஆயில் கேட்பதில்லை. டிரெமெக் டி-56 என்ற ஆறு கியர் பெட்டிக்கு உரியது டெக்ஸ்ரான் 3 வகை ஏடிஎஃப், அதாவது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில். அதிலுள்ள, உராய்வு லைனிங் ஒட்டிய சிங்க்ரோ வளையங்களுக்குக் கெட்டியான ஜிஎல்-5 ஒத்துவராது. ஹோண்டாவின் பழைய மேனுவல்கள் பலவற்றுக்கு எஞ்சின் ஆயிலே பரிந்துரைக்கப்பட்டது. பிறகு அதற்கென்றே மெலிதான எம்டிஎஃப் (மேனுவல் கியர்பாக்ஸ் ஆயில்) வந்தது. பழைய பிஎம்டபிள்யூ கியர்பாக்ஸ்களில் எந்த ஆயில் என்று பெட்டியின் மேலேயே ஸ்டிக்கர் இருக்கும். கியர்பாக்ஸ் வேறு காரிலிருந்து வந்ததென்றால் காரின் புத்தகத்தை மூடிவிட்டு அந்தக் கியர்பாக்ஸின் விவரத்தைத் தேடுங்கள்.

சேர்க்கைப் பொருட்கள் விஷயத்தில் எங்கள் கருத்து கறாரானது: கியர்பாக்ஸில் எதுவும் வேண்டாம். டெஃப்லான், மாலிப்டினம் போன்றவை உராய்வைக் குறைக்கவே விற்கப்படுகின்றன. சிங்க்ரோ உயிர்வாழ்வது உராய்வில்தான். கிளட்ச் தட்டு வகை எல்எஸ்டிக்கான (ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல்) ஃபிரிக்ஷன் மாடிஃபையரும், அதாவது உராய்வை மாற்றும் சேர்க்கையும், அப்படியே: தனி டிஃபரன்ஷியலில் அது சரி, கியர்பாக்ஸில் தவறு. முன்சக்கர இயக்கக் காரில் எல்எஸ்டியும் கியர்களும் ஒரே ஆயிலில் இருந்தால், எல்எஸ்டி தயாரிப்பாளர் சொல்லும் ஆயிலைத் தேர்ந்தெடுங்கள். டார்சன் போன்ற கியர் வகை எல்எஸ்டிக்கு மாடிஃபையர் தேவையே இல்லை.

ஆயிலைக் குறை சொல்லும் முன்

கியர் விழ மறுத்தால் முதலில் கிளட்சைச் சோதியுங்கள். வண்டி நிற்கும்போது, எஞ்சின் ஓட, கிளட்சை முழுதாக மிதித்து ஐந்து விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். அப்போதும் உரசினால் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை: லைனில் காற்று, மாஸ்டர் சிலிண்டர் கசிவு, தட்டு ஒட்டுதல் இவற்றில் ஒன்று. எந்த ஆயிலும் இதைச் சரிசெய்யாது. ஒரே ஒரு கியர் மட்டும் சூட்டிலும் குளிரிலும் உரசினால் அந்த சிங்க்ரோ தேய்ந்துவிட்டது. நல்ல ஆயில் சிறிது காலம் மறைக்கும், அவ்வளவே.

மாற்றும்போது நடப்பவை

டிரெயின் பிளக்கை (ஆயிலை வடிக்கும் துளையின் மூடி) முதலில் திறக்காதீர்கள். ஃபில் பிளக் (ஆயில் ஊற்றும் துளையின் மூடி) கழல்கிறதா என்று பார்த்த பிறகே டிரெயினைத் தொடுங்கள். ஆயிலை வடித்துவிட்டு ஃபில் பிளக் இறுகிக்கொண்டால் வண்டி நின்ற இடத்திலேயே மாட்டிக்கொள்ளும். கொஞ்சம் ஓட்டி ஆயிலைச் சூடாக்கி, நான்கு சக்கரமும் சமமாக இருக்கும்படி தூக்கி வடியுங்கள். முன்பக்கம் மட்டும் ஜாக்கியில் இருந்தால் அளவு தப்பும். பல கியர்பாக்ஸ்களில் ஃபில் துளையின் கீழ் விளிம்பில் வழியத் தொடங்குவதுதான் சரியான மட்டம். ஆனால் எல்லாவற்றிலும் அப்படியில்லை. சிலவற்றுக்கு அளந்து ஊற்ற வேண்டும். குறைந்தால் மேலே இருக்கும் கியர்களும் பேரிங்கும் காயும். கூடினால் நுரைத்து பிரீதர் (காற்றுப்போக்குத் துளை) வழியாகவோ சீல் வழியாகவோ வெளியேறும். அது கிளட்சில் பட்டால் பெரிய செலவு. வாஷரைப் புதிதாகப் போட்டு, பிளக்கை டார்க் ரென்ச்சால் சொன்ன அளவுக்கே இறுக்குங்கள். அலுமினியப் பெட்டியின் மரை சட்டென்று கெட்டுவிடும்.

வடித்த ஆயிலை ஒரு வெள்ளைத் தட்டில் கொஞ்சம் ஊற்றி வெயிலில் பாருங்கள். காந்த பிளக்கில் சாம்பல் நிறப் பசை இருப்பது இயல்பு. ஆயிலுக்குள் தங்க நிறத் துகள் மினுமினுத்தால் அது சிங்க்ரோ வளையத்தின் பித்தளை. விரல் நகத்தில் சிக்கும் எஃகுச் சில்லுகள் கிடைத்தால் புதிய ஆயில் ஊற்றும் முன் பெட்டியைத் திறக்க வேண்டும். டிராக்கில் ஓடும் காருக்கு புத்தகத்தில் சொன்ன கிலோமீட்டர் கணக்கு பொருந்தாது. 'வாழ்நாள் முழுதும்' என்று எழுதிய ஆயிலும் அங்கே விதிவிலக்கல்ல. ஒவ்வொரு சீசனுக்கும் ஒரு முறையாவது மாற்றுங்கள். கியர்பாக்ஸைப் பிரித்துப் புது சிங்க்ரோ போட்டிருந்தால் முதல் ஆயிலை 1,000 கிலோமீட்டருக்குள் வடித்துவிடுங்கள்.