வரவேற்பறைக்கு ஒரு மடிப்பு பாஸ் ஹார்ன்: முதன்முறையாகச் செய்பவர்களுக்கான செய்முறை

தாழ்ந்த சுரங்களை (பாஸ்) உரக்கத் தரும் ஸ்பீக்கர் அமைப்பான பாஸ் ஹார்னைச் செய்ய விரும்புபவர்கள் பெரும்பாலும் அறையில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்து, அதற்கேற்ப ஒரு பெட்டியின் வெளி அளவை முடிவு செய்துவிட்டு, பிறகு அதற்குள் ஹார்னை எப்படி நுழைப்பது என்று யோசிக்கிறார்கள். நான் முதலில் செய்த பெட்டியும் அப்படித்தான் உருவானது. பார்க்க அழகாக இருந்த அது, அதே டிரைவரை, அதாவது கூம்பும் காந்தமும் கொண்ட தனி ஸ்பீக்கரை, சாதாரண மூடிய பெட்டியில் பொருத்தியபோது கிடைத்த அளவு பாஸைக்கூடத் தரவில்லை. ஹார்ன் என்பது மரப்பெட்டி அன்று. தொண்டையில் குறுகலாகத் தொடங்கி வாயில் விரிந்து முடியும் ஒரு காற்றுப்பாதை. பலகைகள் அந்தப் பாதைக்கு வேலி மட்டுமே. ஆகவே இந்தச் செய்முறையில் பாதையின் கணக்கை முதலில் முடித்துக்கொண்டு, அதன் பிறகே ரம்பத்தைத் தொடுவோம்.

கணக்கு

கைகளை வாயருகே குவித்துக் கூப்பிட்டால் குரல் தொலைவுக்குக் கேட்கிறது. ஹார்ன் செய்வதும் இதையே. ஸ்பீக்கரின் கூம்பு தாழ்ந்த சுரங்களில் முன்னும் பின்னும் அசையும்போது, எதிரே உள்ள காற்று அழுத்தப்படுவதற்குப் பதிலாகப் பக்கவாட்டில் நழுவிவிடுகிறது. குறுகிய தொண்டையில் அந்தக் காற்றைச் சிறைப்படுத்தி, பாதையைப் படிப்படியாக விரித்துக்கொண்டு சென்றால், கூம்பு செய்யும் வேலையில் பெரும்பகுதி ஒலியாக மாறுகிறது. இதனால்தான் நல்ல ஹார்னுக்குச் சில வாட் ஆற்றலே வீட்டில் போதுமானதாகிறது.

இதற்கு நாம் கொடுக்க வேண்டிய விலை இடம். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 344 மீட்டர் செல்வதால் 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 8.6 மீட்டர். திறந்த வெளியில் நிற்கும் வட்டவாய் ஹார்னின் சுற்றளவு அலைநீளத்துக்குச் சமமாக இருக்க வேண்டும் என்பது பழைய விதி. அதன்படி வாயின் பரப்பு மட்டுமே 5.9 சதுர மீட்டர் ஆகிவிடும். அந்த அளவு எந்த வீட்டிலும் நடவாத காரியம். ஆனால் ஹார்னை இரு சுவர்களும் தரையும் சேரும் மூலையில் வைத்தால் ஒலி பரவும் வெளி எட்டில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. தேவைப்படும் வாய்ப்பரப்பும் அதே விகிதத்தில் குறைகிறது. அமெரிக்கப் பொறியாளர் பால் கிளிப்ஷ் 1940-களில் உருவாக்கிய கிளிப்ஷார்ன் என்னும் மூலை ஸ்பீக்கர் இந்த உண்மையின் மீதுதான் நிற்கிறது. நாமும் மூலையைப் பயன்படுத்துவோம். அப்படியும் 40 ஹெர்ட்ஸுக்கு 7,400 சதுர செ.மீ. தேவைப்படும் என்பதால் 3,000 சதுர செ.மீ. வாயோடு நிறுத்திக்கொள்கிறோம். மூலையில் இந்த அளவு வாய் சுமார் 63 ஹெர்ட்ஸ் வரை முழுமையாக வேலை செய்யும். அதற்குக் கீழே 50 வரை சற்று ஏற்ற இறக்கத்தோடு ஒலிக்கும். இதைவிடத் தாழ்ந்த ஒலி வேண்டுமென்றால் பெட்டி வளர்ந்தே தீரும். இதில் தந்திரம் எதுவும் இல்லை.

பாதை விரியும் வேகத்தை எக்ஸ்பொனென்ஷியல் விதிப்படி அமைப்போம். அதாவது, ஒரு குறிப்பிட்ட தூரத்துக்கு ஒருமுறை பரப்பு இரட்டிக்க வேண்டும். வெட்டு அதிர்வெண்ணை (இதற்குக் கீழே ஹார்ன் வேலை செய்யாது) 40 ஹெர்ட்ஸ் என்று கொண்டால் அந்தத் தூரம் 47.4 செ.மீ. பெட்டியின் உள் அகலத்தை எங்கும் மாறாமல் 50 செ.மீ. என வைத்துக்கொண்டால், பாதையின் உயரத்தை மட்டும் மாற்றினால் போதும் என்பதால் தச்சு வேலை பெரிதும் எளிதாகிறது. தொண்டையிலிருந்து உள்ள தூரமும் அந்த இடத்தில் பாதையின் உயரமும், செ.மீ. கணக்கில்:

0 – 5
24 – 7
47 – 10
71 – 14
95 – 20
119 – 28
142 – 40
170 – 60

ஆக, தொண்டை 250 சதுர செ.மீ., வாய் 3,000 சதுர செ.மீ., நடுக்கோட்டின் நீளம் 170 செ.மீ. இந்தப் புள்ளிகளை வளைவான பலகைகளால் இணைக்க வேண்டியதில்லை; அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடையே நேர்ப்பலகை வைத்தாலே தாழ்ந்த ஒலிக்கு வேறுபாடு தெரியாது.

டிரைவரும் பின்னறையும்

12 அங்குல டிரைவர் ஒன்று தேவை. ஹார்னுக்கு வலுவான காந்தமும் இலேசான கூம்பும் கொண்டதே பொருந்தும்; காரில் சிறு பெட்டிக்குள் வைப்பதற்கென்றே செய்யப்படும் கனத்த கூம்புள்ள சப்வூஃபர்களைத் தவிர்த்துவிடுங்கள். டிரைவருடன் வரும் தாளில் தனி ஒத்ததிர்வு (Fs, பெட்டியின்றிக் கூம்பு தானாக அதிரும் அதிர்வெண்) 40 ஹெர்ட்ஸ் அளவிலும், க்யூடிஎஸ் (Qts, அந்த அதிர்வு எவ்வளவு கட்டுப்படுகிறது என்பதன் அளவு) மதிப்பு 0.35 அளவிலும், விஏஎஸ் (Vas, கூம்பின் விறைப்புக்கு ஈடான காற்றின் கன அளவு) மதிப்பு 100 லிட்டர் அளவிலும் இருந்தால் மேலே உள்ள தொண்டைக்கு அது சரியான இணை. இதை வெறும் ஊகமாகச் சொல்லவில்லை. டி. பி. கீல் 1977-இல் வெளியிட்ட ஹார்ன் வடிவமைப்பு முறைப்படி இந்த மூன்று எண்களையும் 2π-யையும் பெருக்கி, ஒலியின் வேகத்தால் வகுத்தால் தொண்டைப்பரப்பு கிடைக்கும். லிட்டரைக் கன மீட்டராக மாற்றிக் கணக்கிட்டால் விடை 256 சதுர செ.மீ. வருகிறது. உங்கள் டிரைவரின் எண்கள் வேறாக இருந்தால் இதே கணக்கைப் போட்டுத் தொண்டையை மாற்றிக்கொள்ளுங்கள்.

டிரைவரின் பின்புறம் காற்றுப் புகாத ஓர் அறைக்குள் இருக்க வேண்டும். தொண்டையில் உள்ள காற்று கூம்புக்கு ஒரு சுமைபோல் இருக்கிறது. பின்னறையின் காற்று ஒரு சுருள்வில்லைப்போல் இயங்கி அந்தச் சுமையைச் சமன் செய்கிறது. நமது அளவுகளுக்கு மொத்தம் 34 லிட்டர் காற்றுக்கு ஈடான விறைப்பு வேண்டும். கூம்பின் விளிம்பே 100 லிட்டருக்கு ஈடான விறைப்பைத் தன்னளவில் தந்துவிடுவதால், பின்னறையை 52 லிட்டராக வைத்தால் இரண்டும் சேர்ந்து கணக்கு சரியாகிவிடும்.

இந்த நிலையில் எல்லா எண்களையும் டேவிட் மெக்பீன் உருவாக்கிய, ஹார்ன் எப்படி ஒலிக்கும் என்று கணித்துக் காட்டும் ஹார்ன்ரெஸ்ப் என்னும் இலவச மென்பொருளில் கொடுத்துப் பார்த்துவிடுவது நல்லது. அதன் முகப்பு கண்ணுக்கு இனியதல்ல. ஆனால் ஒரு மாலை நேரத்தைச் செலவழித்துப் பழகிக்கொண்டால் ப்ளைவுட் வீணாவது மிச்சமாகும்.

மடிப்பு

ஹார்னின் உள்ளளவு 188 லிட்டர், பின்னறை 52 லிட்டர், உள்பலகைகளும் மூலைகளில் வீணாகும் இடமும் வேறு. எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 105 செ.மீ. உயரம், 60 செ.மீ. ஆழம், 53.6 செ.மீ. அகலம் கொண்ட பெட்டியில் அடங்கும். பின்னறை பெட்டியின் மேல் பகுதியில் முன்பக்கமாக அமைகிறது. டிரைவர் அதன் பின்பலகையில், பெட்டியின் முதுகைப் பார்த்தபடி பொருத்தப்படுகிறது. பாதை அங்கிருந்து சுமார் 25 செ.மீ. மேலே ஏறி, உச்சியில் திரும்பி, முதுகுப்புறமாகக் கீழே இறங்கி, அடியில் முன்னோக்கித் திரும்பி, தரையை ஒட்டிய 60 செ.மீ. உயர வாயில் திறக்கிறது. டிரைவருக்குக் கீழே மிஞ்சும் முட்டுச்சந்தை மரக்கட்டையால் அடைத்துவிடுங்கள்.

முதலில் வரைபடத் தாளில் பத்தில் ஒரு பங்கு அளவில் பக்கத்தோற்றத்தை வரைந்து, பாதையின் நடுக்கோட்டின் மீது நூலை வைத்து நீளத்தை அளந்து பாருங்கள். நூல் 17 செ.மீ. வரும் வரை தடுப்புகளின் சாய்வை மாற்றி மாற்றி வரைய வேண்டும். நான்கைந்து தாள்கள் வீணாவது இயல்பே. திருப்பங்களில் மட்டும் கவனம் தேவை: பாதையின் உயரத்தை நடுக்கோட்டுக்குச் செங்குத்தாகத்தான் அளக்க வேண்டும், மூலையின் குறுக்கே சாய்வாக அளந்தால் பாதை அந்த இடத்தில் தேவைக்கு மேல் அகன்றுவிட்டதாகத் தோன்றும், அதைக் குறுக்கிவிடத் தூண்டும். 150 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமே 2.3 மீட்டர் என்பதால் கூர்மையான திருப்பங்கள் பாஸைக் கெடுப்பதில்லை.

வரைபடம் சரியானதும் அதை முழு அளவில் ஒரு பக்கப்பலகையின் உட்புறத்தில் பென்சிலால் வரைந்துகொள்ளுங்கள். இனி அந்தப் பலகைதான் உங்கள் அளவுகோல்.

தச்சு வேலை

18 மி.மீ. ப்ளைவுட் இரண்டு முழுத் தாள்கள் போதும். அழுத்தம் மிகுந்த பின்னறையில் எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகையைவிட ப்ளைவுட் உறுதியானது, எடையும் குறைவு. அப்படியும் முடிந்த பெட்டி டிரைவரோடு சேர்ந்து 50 கிலோவைத் தாண்டும். குறுக்கே செல்லும் பலகைகள் அனைத்தையும் ரம்பத்தின் ஒரே அமைப்பில் 50 செ.மீ. அகலத்துக்கு வெட்டி வாங்குங்கள். ஒரு பலகை 2 மி.மீ. குறைந்தாலும் அங்கே காற்று கசியும். அறுக்கும்போது முகமூடியும் கண்ணாடியும் அணிவது கட்டாயம்.

வரைந்த பக்கப்பலகையைத் தரையில் படுக்க வைத்து, பென்சில் கோடுகளின் மீது ஒவ்வொரு பலகையாக மரப்பசையும் ஸ்க்ரூவும் கொண்டு நிறுத்துங்கள். ஸ்க்ரூவுக்கு முன்பே துளையிடாவிட்டால் ப்ளைவுட்டின் விளிம்பு பிளந்துவிடும். எல்லா உள்மூட்டுகளிலும் பசையை விரலால் இழுத்து நிரப்புங்கள். பாதை அகலும் கீழ்ப்பகுதியில் பெரிய பலகைகள் அதிரக்கூடும் என்பதால் அவற்றுக்கு இடையே இரண்டு மூன்று குறுக்குச் சட்டங்களைக் கொடுக்க வேண்டும்.

டிரைவர் பொருத்தும் பலகையில் 10 செ.மீ. உயரமும் 25 செ.மீ. நீளமும் கொண்ட செவ்வகத் துளை வெட்டுங்கள். இதுவே 250 சதுர செ.மீ. தொண்டையின் நுழைவாயில். டிரைவரின் துளை வட்டமாக அல்லவா இருக்க வேண்டும் என்று தோன்றலாம்; கூம்பைவிடத் தொண்டை சிறிதாக இருப்பதுதான் ஹார்னின் இயல்பு. ஆனால் கூம்பின் ரப்பர் விளிம்பு முன்னோக்கி அசையும்போது பலகையில் இடிக்காதபடி டிரைவருக்கும் பலகைக்கும் நடுவே 18 மி.மீ. தடிமனில் ஒரு மர வளையம் வைக்க வேண்டும்.

பின்னறையின் முன்பலகையைப் பசை போட்டு ஒட்டிவிடாதீர்கள். ரப்பர் கேஸ்கெட்டும் 10 செ.மீ.க்கு ஒரு ஸ்க்ரூவும் வைத்துக் கழற்றக்கூடிய கதவாக அமையுங்கள். இல்லாவிட்டால் டிரைவர் பழுதாகும் நாளில் பெட்டியையே அறுக்க நேரிடும். கம்பி வெளியே வரும் துளையையும் அடைத்துவிடுங்கள்.

இரண்டாவது பக்கப்பலகையை முதல் முறை பசையின்றி, நுரைப்பட்டையின் மீது ஸ்க்ரூவால் மட்டும் இறுக்குங்கள். சோதனைகள் முடிந்த பிறகே அது நிரந்தரமாக ஒட்டப்பட வேண்டும்.

சோதனையும் இணைப்பும்

டிரைவரைப் பொருத்தும் முன் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். நேர்முனையில் நேர்முனை பட்டால் கூம்பு முன்னோக்கி வரும். பெட்டியை மூடியபின் 30 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் ஒலியைக் குறைந்த அளவில் செலுத்தி, மூட்டுகளின் அருகே காதை வைத்துக் கேளுங்கள். உஸ்ஸென்ற சத்தம் காற்றுக் கசிவு. கிர்ரென்ற சத்தம் ஒட்டாத பலகை அல்லது தளர்ந்த ஸ்க்ரூ.

40 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஹார்ன் கூம்புக்குச் சுமை தருவதை நிறுத்திவிடுகிறது. கூம்பு கட்டுப்பாடின்றி அசையத் தொடங்கும். ஆகவே 40 ஹெர்ட்ஸில் ஆக்டேவுக்கு (அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும்) 24 டெசிபல் சரிவுள்ள ஹைபாஸ் வடிகட்டி, அதாவது தாழ்ந்த ஒலிகளைத் தடுக்கும் வடிகட்டி, இன்றி இதை உரக்க ஒலிக்கச் செய்யக் கூடாது. மேல் எல்லையை 150 ஹெர்ட்ஸில் வெட்டி, மீதியை உங்கள் வழக்கமான ஸ்பீக்கர்களுக்கு அனுப்புங்கள்.

பலர் தவறவிடும் ஒன்று உண்டு. பாதையின் நீளம் 1.7 மீட்டர் என்பதால் பாஸ் மற்ற ஒலிகளைவிட ஏறத்தாழ 5 மில்லி நொடி பிந்தி வந்து சேர்கிறது. பிற ஸ்பீக்கர்களுக்கு டிஎஸ்பி (ஒலியை டிஜிட்டல் முறையில் மாற்றியமைக்கும்) கருவி மூலம் அதே அளவு தாமதம் கொடுத்தால்தான் பறையின் அடியும் அதன் அதிர்வும் ஒன்றாகக் கேட்கும். ரூம் ஈக்யூ விசார்ட் மென்பொருளும் ஓர் அளவீட்டு மைக்ரோஃபோனும் இருந்தால் தாமதத்தை அளந்தே அமைக்கலாம். இல்லையென்றால் 150 ஹெர்ட்ஸ் ஒலியை இரண்டிலும் ஒருசேர ஒலிக்கவிட்டு, அமரும் இடத்தில் அது மிக உரக்கக் கேட்கும் வரை 5 மில்லி நொடியை ஒட்டியே தாமதத்தைச் சிறிது சிறிதாக நகர்த்துங்கள்.

பெட்டியை மூலைக்குத் தள்ளும்போது முதுகு ஒரு சுவரையும் ஒரு பக்கம் மற்றொரு சுவரையும் தொட்டு நிற்க வேண்டும். மூலையிலிருந்து அரை மீட்டர் வெளியே இழுத்துக் கேட்டுவிட்டு, மீண்டும் உள்ளே தள்ளிக் கேளுங்கள். தாழ்ந்த சுரங்கள் எவ்வளவு கனத்தோடு திரும்புகின்றன என்பதைக் காதே சொல்லிவிடும். அதன் பிறகு பக்கப்பலகைக்குப் பசை போடலாம்.