ஆபீஸ் வைஃபையில் சொந்த டேப்லெட் சேரவில்லையா? எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள்

வீட்டில் நொடியில் சேர்ந்துகொள்ளும் டேப்லெட், அலுவலக வைஃபையில் மட்டும் சுற்றிக்கொண்டே நிற்கும். உடனே பலரும் செய்வது இரண்டு காரியம். ஒன்று, அணைத்துப் போடுவது. மற்றொன்று, கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்ப அடித்துப் பார்ப்பது. முதலாவதால் நஷ்டமில்லை. இரண்டாவது உங்கள் அலுவலகக் கணக்கையே பூட்டிவிடக்கூடும்.

வீட்டு வைஃபையில் எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல். அலுவலகங்களில் பெரும்பாலும் ஆளுக்கொரு கணக்கு. நீங்கள் தரும் பெயரையும் கடவுச்சொல்லையும் பின்னால் இருக்கும் ஒரு சர்வர் சரிபார்க்கிறது. அந்த சர்வர் அசல்தானா என்று உங்கள் டேப்லெட்டும் பதிலுக்கு அதன் சான்றிதழை, அதாவது அதன் டிஜிட்டல் அடையாள அட்டையைப் பார்க்கிறது. ஆகவே வண்டி நான்கு இடங்களில் நிற்கலாம்: நெட்வொர்க்கின் பெயரே தெரியாமல் போகலாம், தெரிந்தும் உள்ளே விடாமல் இருக்கலாம், உள்ளே விட்டும் ஐபி முகவரி (நெட்வொர்க் உங்கள் கருவிக்கு ஒதுக்கும் எண்) கிடைக்காமல் போகலாம், முகவரி கிடைத்தும் இணையம் வராமல் இருக்கலாம். எந்த இடம் என்று தெரிந்துவிட்டால் தேவையில்லாததைத் தொட வேண்டியதில்லை.

சிங்கப்பூரில் நம்மில் பலர் டேப்லெட்டை ஆங்கிலத்தில்தான் வைத்திருக்கிறோம். அதனால் மெனுவின் பெயர்களைத் திரையில் இருக்கும் உச்சரிப்பிலேயே எழுதுகிறேன்.

படி 1: சொந்த டேப்லெட்டுக்கு அனுமதி உண்டா?

இதைக் கேட்காமல் மற்ற எதையும் செய்யாதீர்கள். பல நிறுவனங்களில் ஊழியர் நெட்வொர்க், நிறுவனம் கொடுத்த கருவிகளுக்கு மட்டும்தான். அந்தக் கருவிகளுக்குள் ஐடி பிரிவு ஒரு சான்றிதழைப் போட்டு வைத்திருக்கும். அது இல்லாத டேப்லெட்டில் எந்தக் கடவுச்சொல்லை அடித்தாலும் கதவு திறக்காது. சொந்தக் கருவிகளுக்குத் தனி நெட்வொர்க் இருக்கலாம், அல்லது விருந்தாளிகளுக்கான கெஸ்ட் நெட்வொர்க்தான் வழி என்று சொல்லலாம். சில இடங்களில் நிர்வாக ஆப் ஒன்றைப் போடச் சொல்வார்கள். அது உங்கள் டேப்லெட்டில் எதையெல்லாம் பார்க்கும், எதையெல்லாம் அழிக்க முடியும் என்று கேட்டுவிட்டுச் சம்மதியுங்கள்.

பக்கத்து மேசைக்காரரின் கணக்கை வாங்கி நுழைவது வேண்டாம். அனுமதியில்லாமல் கணினி அமைப்புக்குள் போவதைத் தண்டிக்கும் சட்டம் இங்கே 1993-லிருந்தே இருக்கிறது.

படி 2: பெயர் தெரிகிறதா?

தெரியாவிட்டால் வைஃபையை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். லிஃப்ட் பக்கத்திலிருந்து நகர்ந்து மேசைக்குப் போய்ப் பாருங்கள். சக ஊழியருக்குத் தெரிந்து உங்களுக்கு மட்டும் தெரியவில்லை என்றால், உங்கள் டேப்லெட் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டும் பிடிக்கும் பழைய மாடலாக இருக்கலாம், அலுவலகம் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் ஒலிபரப்பலாம். அதற்கு மருந்து கிடையாது.

இன்னொன்று: முன்பு எப்போதோ சேமித்த வயர்லெஸ்@எஸ்ஜி பொது வைஃபை, கீழ்மாடிக் காப்பிக்கடை வைஃபை போன்றவற்றில் டேப்லெட் தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும். அவற்றுக்கு ஆட்டோ ஜாயினை அணைத்து வையுங்கள்.

படி 3: தேதியும் நேரமும்

இது அற்பமாகத் தோன்றும், ஆனால் ஆளைச் சுற்றவிடும். சான்றிதழ்களுக்குத் தொடக்கத் தேதியும் காலாவதித் தேதியும் உண்டு. பேட்டரி முற்றிலும் இறங்கி, பல வாரம் அலமாரியில் கிடந்த டேப்லெட் பழைய தேதியோடு விழித்துக்கொண்டால், நல்ல சான்றிதழையும் செல்லாது என்று தள்ளிவிடும். சிம் இல்லாத டேப்லெட்டில் சிக்கல் இரட்டிப்பு: நேரம் சரியாக இணையம் வேண்டும், இணையம் வர நேரம் சரியாக வேண்டும். கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் ஒருமுறை சேர்த்தால் முடிச்சு அவிழ்ந்துவிடும்.

ஊரிலிருந்து வந்தவர்கள் கவனிக்க: நேர மண்டலத்தை இந்தியாவிலேயே விட்டுவிட்டு, கடிகாரத்தை மட்டும் கையால் இரண்டரை மணி நேரம் தள்ளி வைத்திருப்பீர்கள். திரையில் சரியாகத் தெரியும், உள்ளே தவறாக ஓடும். செட்டிங்ஸில் டேட் அண்ட் டைம் போய் ஆட்டோமேட்டிக் ஆக்கி, மண்டலம் சிங்கப்பூர்தானா என்று பார்த்துவிடுங்கள்.

படி 4: பயனர்பெயரும் கடவுச்சொல்லும்

பெயரை எப்படி எழுத வேண்டும் என்பது அலுவலகத்துக்கு அலுவலகம் மாறும். சில இடங்களில் வெறும் பயனர்பெயர் போதும். சில இடங்களில் முழு மின்னஞ்சல் முகவரி, சில இடங்களில் நிறுவனத்தின் குறும்பெயரும் பின்சாய்கோடும் முன்னால் வர வேண்டும். ஊகிக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள். டேப்லெட் கீபோர்டு முதல் எழுத்தைத் தானாகப் பெரிய எழுத்தாக்கியிருக்கிறதா, கடைசியில் ஓர் இடைவெளி ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

எங்கள் அலுவலகத்தில் ஓர் அக்காவுக்குத் தினமும் காலையில் கணக்கு பூட்டிக்கொள்ளும். ஐடி தம்பி திறந்துவிடுவார், மதியத்துக்குள் மறுபடி பூட்டு. "யாரோ என் அக்கவுண்டை ஹேக் பண்றாங்க தம்பி" என்று அவர் பதறாத நாள் இல்லை. கடைசியில் ஆசாமி அவருடைய கைப்பைக்குள்தான் இருந்தார். அக்கா கணினியில் கடவுச்சொல்லை மாற்றியிருந்தார். பையில் கிடந்த டேப்லெட்டோ பழையதை வைத்துக்கொண்டு, வைஃபை எல்லைக்குள் வரும்போதெல்லாம் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தது. சில தவறான முயற்சிகளுக்குப் பிறகு கணக்கு பூட்டிக்கொள்ளும்படி பல நிறுவனங்கள் அமைத்திருப்பார்கள். சர்வருக்கு டேப்லெட் தட்டுகிறதா, திருடன் தட்டுகிறானா என்று தெரியாது.

எனவே கடவுச்சொல்லை மாற்றும் நாளில், மாற்றுவதற்கு முன்பே டேப்லெட்டில் வைஃபையை அணையுங்கள். மாற்றிய பிறகு அந்த நெட்வொர்க்கைத் தொட்டு ஃபர்கெட் கொடுத்துவிட்டுப் புதிதாகச் சேருங்கள். கணக்கு ஏற்கெனவே பூட்டியிருந்தால், முதலில் ஃபர்கெட், அப்புறம்தான் ஐடிக்கு ஃபோன். வரிசை மாறினால் திறந்த கையோடு மறுபடி பூட்டிக்கொள்ளும்.

படி 5: சான்றிதழ்

ஐபேடில் முதல்முறை சேரும்போது சர்வரின் சான்றிதழைக் காட்டி டிரஸ்ட் கேட்கும். அதில் இருக்கும் பெயர் ஐடி சொன்ன பெயர்தானா என்று பார்த்துவிட்டுத் தொடுங்கள். அதே நெட்வொர்க் பெயரில் வேறு யாரோ ஒரு போலி வைஃபையை நிறுத்தி வைத்தால், கண்ணை மூடிக்கொண்டு சம்மதிப்பவரின் கடவுச்சொல் விவரங்கள் அவன் கைக்குப் போகக்கூடும்.

ஆண்ட்ராய்டில்தான் தடுமாற்றம் அதிகம். பழைய குறிப்புகளில், சிஏ சர்ட்டிஃபிகேட் என்ற இடத்தில் டு நாட் வேலிடேட் என்று போடச் சொல்லியிருப்பார்கள். ஆண்ட்ராய்டு 11 காலத்திலிருந்து அந்தத் தேர்வு ஒவ்வொரு கருவியாக மறைந்துவிட்டது. இப்போது யூஸ் சிஸ்டம் சர்ட்டிஃபிகேட்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்து, கீழே டொமைன் கட்டத்தை நிரப்ப வேண்டும். காலியாக விட்டால் சேவ் செய்ய விடாது. அங்கே எதை எழுதுவது என்று ஐடியிடம்தான் கேட்க வேண்டும். அவர்கள் சொந்தமாகச் சான்றிதழ் வைத்திருந்தால் அந்தக் கோப்பை அனுப்புவார்கள், முதலில் அதை நிறுவ வேண்டும். ஆண்ட்ராய்டு 13-லிருந்து டிரஸ்ட் ஆன் ஃபர்ஸ்ட் யூஸ் என்ற தேர்வும் சில டேப்லெட்டுகளில் இருக்கிறது. ஈஏபி (EAP) மெதட் பெரும்பாலும் பீப் (PEAP). அனானிமஸ் ஐடென்டிட்டியைக் காலியாக விடலாம், வேறு விதமாகச் சொல்லாத வரை.

படி 6: சேர்ந்தும் முகவரி இல்லை

ஐபேடில் நெட்வொர்க் பக்கத்திலுள்ள ஐ (i) குறியைத் தொடுங்கள். ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால், நெட்வொர்க் முகவரி தரவில்லை, டேப்லெட் தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். ஆண்ட்ராய்டு அப்டெய்னிங் ஐபி அட்ரஸ் என்று சொல்லிக்கொண்டே நிற்கும். முன்பு யாராவது கையால் முகவரி போட்டிருந்தால் அதை ஆட்டோமேட்டிக் ஆக்குங்கள். அப்படியும் கிடைக்கவில்லை என்றால் கோளாறு அந்தப் பக்கமாக இருக்கலாம்: சாதாரணமாக ஒதுக்கும் ஒரு தொகுதியில் 254 முகவரிகள்தான் அடங்கும். பெரிய கூட்டத்துக்கு எல்லோரும் கைப்பேசியும் டேப்லெட்டுமாக வந்தால் தீர்ந்துபோகும்.

கருவிகளின் மேக் முகவரியை (ஒவ்வொரு கருவிக்கும் தயாரிப்பிலேயே வரும் அடையாள எண்) பதிவு செய்து அனுமதிக்கும் அலுவலகங்களில் வேறொரு சிக்கல் உண்டு. ஆண்ட்ராய்டு 10, ஐபேட்ஓஎஸ் 14 முதல் டேப்லெட்டுகள் அசல் மேக் முகவரியை மறைத்துப் பொய் முகவரியைக் காட்டுகின்றன. அந்த முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ (A), ஈ (E) ஆகியவற்றில் ஒன்றாக இருந்தால் அநேகமாகப் பொய் முகவரிதான். ஐபேடில் பிரைவேட் வைஃபை அட்ரஸை ஆஃப் செய்யுங்கள். ஆண்ட்ராய்டில் பிரைவசி அல்லது மேக் அட்ரஸ் டைப் என்ற இடத்தில் கருவியின் அசல் முகவரியைத் தேர்ந்தெடுங்கள். அலுவலக நெட்வொர்க்குக்கு மட்டும் மாற்றினால் போதும், கடைத்தெரு வைஃபைகளுக்கு மறைத்தே இருக்கட்டும்.

படி 7: எல்லாம் சரி, இணையம் மட்டும் இல்லை

கெஸ்ட் நெட்வொர்க்கில் லாகின் பக்கம் திறக்காததுதான் வழக்கமான காரணம். விபிஎன் ஓடினால் நிறுத்துங்கள். ஆண்ட்ராய்டில் பிரைவேட் டிஎன்எஸ்ஸை ஆஃப் ஆக்குங்கள், ஐபேடில் அந்த நெட்வொர்க்குக்கு லிமிட் ஐபி அட்ரஸ் டிராக்கிங்கை அணையுங்கள். பிறகு பிரவுசரில் பூட்டுக் குறி இல்லாத பழைய மாதிரித் தளம் ஒன்றைத் திறந்தால் லாகின் பக்கம் வந்துவிடும். உள்ளே போனதும் இவற்றைத் திரும்ப ஆன் செய்யுங்கள். ஒரு தளம் மட்டும் வரவில்லை என்றால் அலுவலகம் அதைத் தடுத்திருக்கலாம், டேப்லெட்டைக் குறை சொல்ல வேண்டாம்.

படி 8: ஐடிக்கு எழுதுவது

ரீசெட் நெட்வொர்க் செட்டிங்ஸ் கடைசி ஆயுதம். வீட்டு வைஃபை உட்படச் சேமித்த எல்லாம் போய்விடும் என்பதால், நான் அதற்கு முன் ஐடிக்கு எழுதிவிடுவேன். "வைஃபை வேலை செய்யவில்லை" என்று மொட்டையாக எழுதினால், பத்துக் கேள்வி திரும்பி வரும். இப்படி எழுதிப் பாருங்கள்:

"ஆண்ட்ராய்டு 14, சொந்த டேப்லெட், பதிவு செய்தது. 5-ஆம் மாடி, பேன்ட்ரி பக்கம், காலை 9.10. ஊழியர் நெட்வொர்க்கின் பெயர் தெரிகிறது; கடவுச்சொல் கொடுத்ததும் ஆதென்டிகேஷன் எரர் வருகிறது. அதே கணக்கு மடிக்கணினியில் வேலை செய்கிறது. ஃபர்கெட் செய்து ஒருமுறை மறுபடி சேர்த்துப் பார்த்தேன். மேக் முகவரியும் திரைப் படமும் இணைப்பில்."

கடவுச்சொல்லை அதில் எழுதாதீர்கள், அவர்களே கேட்டாலும்.