டிஷ்யூ கொடுப்பதற்கு முன்

போன வாரம் புதிதாக வந்த டாக்டர் ஒருவர், வயிற்றிலிருக்கும் குழந்தையின் இதயத்தை ஸ்கேன் செய்து, அதன் 3டி பதிவை, அதாவது வால்யூமைச் சேமித்த கையோடு "முடிஞ்சுதும்மா, போகலாம்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஒரு காலத்தில் நானும் அப்படிச் சொன்னவள்தான். புதியவர்கள் செய்யும் தவறுகள் சிலதைச் சொல்கிறேன். ஜெல் போதவில்லை, வயிற்றில் வைக்கும் புரோபை அழுத்திப் பிடித்தாய் என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அது தானாகப் பழகிவிடும்.

பி பிளேனைப் பார்க்காமல் அனுப்புவது

ஸ்டிக் (STIC) முறையில் 3டி எடுக்கும்போது ஒலியலைக் கற்றை மெதுவாகச் சாய்ந்து இதயத்தை ஒருமுறை கடக்கிறது. சுமார் 10 நொடி. நிமிடத்துக்கு 150 துடிப்பென்றால் அதற்குள் 25 துடிப்பு. மெஷின் அவற்றைப் பிரித்து அடுக்கி ஒரே துடிப்பாகத் தைத்துத் தருகிறது. நடுவில் குழந்தை ஒரு உதை விட்டாலும் அம்மா இருமினாலும் தையல் விட்டுவிடும். ஆனால் நேராக எடுத்த வெட்டுப் படமான ஏ பிளேனில் அது அவ்வளவாகத் தெரியாது. நாலறையும் அழகாகத் துடித்துக்கொண்டிருக்கும். அதற்குக் குறுக்காக மெஷின் கட்டியெழுப்பும் பி பிளேனில்தான் இதயத்தின் ஓரம் மாடிப்படி மாதிரி உடைந்து நிற்கும்.

அன்று நான் அதைப் பார்க்கவில்லை. முட்டம் பக்கத்துப் பெண், 22 வாரம், மாமியாரோடு இரண்டு பஸ் மாறி நாகர்கோவில் வந்திருந்தாள். ராத்திரி அவள் வால்யூமைத் திறந்தால் ஒரே படிக்கட்டு. பெருந்தமனி எங்கே கிளம்புகிறது என்றே விளங்கவில்லை. போனில் "இன்னொரு தடவை வரணும்" என்றேன். அவர்கள் காதில் விழுந்தது வேறு. மூன்று நாள் கழித்து வந்தபோது அவள் கண் வீங்கியிருந்தது. "பிள்ளைக்கு ஒண்ணும் இல்லல்லா டாக்டரே?" என்று மாமியார் கையைப் பிடித்துக்கொண்டார். ஒன்றும் இல்லைதான். அதைச் சொல்ல எனக்கு நாக்கு கூசியது.

இப்போது மூச்சைப் பிடிக்கச் சொல்லி இரண்டு மூன்று வால்யூம் எடுப்பேன். பி பிளேனைப் பார்த்த பிறகுதான் வயிற்றைத் துடைக்க டிஷ்யூ. சரியாக வரவில்லையா, வெளியே ஒரு நடை, ஒரு சாயா, அப்புறம் மறுபடி.

இல்லாத ஓட்டை

அலை இதயத்தின் நடுச்சுவருக்கு இணையாகப் போனால், சுவரின் மெல்லிய பகுதி படத்தில் காணாமல் போகும், ஓட்டை மாதிரி தெரியும். வால்யூமைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பயனில்லை, அந்த ஓட்டையும் கூடவே திரும்பும். சுவருக்குக் குறுக்கே அலை படும்படி புதிதாக எடுத்துப் பார்த்துவிட்டு ரிப்போர்ட் எழுதுங்கள்.

இடது வலது

எது குழந்தையின் இடது, எது வலது என்று வால்யூமுக்குத் தெரியாது. குழந்தை கிடக்கும் விதத்தை எடுக்கும்போதே குறித்துவையுங்கள்.

மங்கலான 2டி

3டி அதைத் தேற்றாது. குழந்தையின் முதுகெலும்பு மேல்பக்கமாக இருந்து இதயத்தின் மேல் நிழல் விழுந்தால், குழந்தை திரும்பும்வரை காத்திருங்கள்.

"முகத்தைக் காட்டுங்க"

வீட்டார் இப்படிக் கேட்டால், முதலில் இதயம் முடியட்டும்.