எல்எஸ்1-இல் எல்எஸ்6 ஸ்பிரிங்

என் கமாரோ காரின் எல்எஸ்1 எஞ்சினுக்கு (ஜிஎம் நிறுவனத்தின் வி8) அதே குடும்பத்து எல்எஸ்6 எஞ்சினின் வால்வு ஸ்பிரிங் போட்டேன். பழைய ரிடெய்னரும் (ஸ்பிரிங்கின் மேல் மூடி) லாக்கும் (அதை வால்வுத் தண்டில் பிடித்துவைக்கும் சிறு துண்டுகள்) அப்படியே பொருந்தும். ஹெட்டை (வால்வுகள் இருக்கும் எஞ்சினின் மேல் பகுதி) இறக்க வேண்டாம்.

ராக்கர்களை (வால்வை அழுத்தும் கைகள்) கழற்றிவிட்டு 1, 6 எண் சிலிண்டர்களின் பிஸ்டன்களை உச்சிக்குக் கொண்டுவாருங்கள். இரண்டும் சேர்ந்தே ஏறும். அப்புறம் கிராங்கை 90 டிகிரி சுற்றச் சுற்ற 8-5, 7-4, 2-3 என்று ஜோடி ஜோடியாக உச்சிக்கு வரும். வால்வு நழுவினாலும் பிஸ்டன் தாங்கிக்கொள்ளும்.

ஸ்பிரிங்கை அழுத்தும் முன் ரிடெய்னர் மேல் சாக்கெட் வைத்து லேசாக ஒரு தட்டு. ஒட்டிக்கொண்ட லாக் விடுபடும். எண்ணெய் வடியும் துளைகளைத் துணியால் அடைத்துவிடுங்கள். நான் சோம்பல்பட்டேன், ஒரு லாக்கைத் தேடியே பாதி நாள் போயிற்று.

பொருத்திய ஸ்பிரிங்கின் உயரம் 45.7 மி.மீ.; கூடினால் அடியில் ஷிம் (மெல்லிய வளையத் தகடு) போடுங்கள். வால்வைத் திறக்கும் கேம் தண்டு அதை 13.9 மி.மீ.க்கு மேல் தூக்கும் என்றால் இந்த ஸ்பிரிங் வேண்டாம். ராக்கர் போல்ட்டை 30 நியூட்டன் மீட்டருக்கு முறுக்குங்கள், வால்வு மூடிய நிலையில்.