அணு உலைப் பொறியாளராக விரும்புவோர் செய்யும் தவறுகள்

கல்பாக்கம், கூடங்குளம், மும்பையின் டிராம்பே என்று கனவோடு தயாராகும் மாணவர்கள் ஆண்டுதோறும் ஒரே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். கடைசி நாளைத் தவறவிடுவது, சான்றிதழை மறந்து போவது போன்றவற்றை எல்லோரும் சொல்லிவிடுவார்கள். வெளியே தெரியாமல் வாய்ப்பைக் கெடுக்கிற தவறுகள் வேறு.

பட்டத்தின் பெயரில் "அணு" இருக்க வேண்டும் என்று நினைப்பது

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைக்காகப் பெற்றோர் முதலில் தேடுவது "நியூக்ளியர்" என்று பெயர் வைத்த பி.டெக். படிப்பைத்தான். ஆனால் இந்திய அணுமின் கழகம் பயிற்சிப் பொறியாளர்களை மெக்கானிக்கல், கெமிக்கல், எலெக்ட்ரிக்கல், எலெக்ட்ரானிக்ஸ், இன்ஸ்ட்ருமென்டேஷன், சிவில் ஆகிய பிரிவுகளில்தான் எடுத்து வருகிறது. அணுமின் நிலையத்தின் பெரும்பகுதி பம்ப், வால்வு, வெப்பப் பரிமாற்றி, டர்பைன், குழாய் வெல்டிங், கேபிள், ரிலே. உலை இயற்பியலை, வேலைக்குச் சேர்ந்த பிறகு நிறுவனமே கற்றுத் தரும். பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பயிற்சிப் பள்ளி 1957 முதல் செய்துவருவது அதைத்தான்.

எம்.டெக். முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவது

அணுமின் கழகம், பாபா மையம் இரண்டிலும் பொதுப் பிரிவுக்கு வயது வரம்பு 26 என்றே இருந்து வந்திருக்கிறது. மேற்படிப்பு வேண்டுமென்றால் பாபா மையத்தின் இரண்டாண்டு உதவித்தொகைத் திட்டம் இருக்கிறது. அதற்கு எம்.டெக். சேரும்போதே விண்ணப்பிக்க வேண்டும், முடித்த பிறகு அல்ல. அந்தந்த ஆண்டின் அறிவிப்பை வரிவரியாகப் படியுங்கள்.

அணுவைப் படித்துவிட்டுச் சொந்தப் பாடத்தை விட்டுவிடுவது

மிகுந்த விலை கொடுக்க வைக்கும் தவறு இதுதான். எத்தனை முறை சொன்னாலும் மாறாததால் எரிச்சலும் தருகிறது. பாபா மையத்தின் ஓராண்டுப் பயிற்சிக்கு எழுத்துத் தேர்வோ கேட் (பொறியியல் பட்டதாரிகளுக்கான தேசியத் தேர்வு) மதிப்பெண்ணோ நேர்முகத் தேர்வின் வாசல்வரைதான் கூட்டிப் போகும். அதற்குப் பிறகு முடிவு செய்வது நேர்முகம்.

அங்கே என்ன நடக்கிறது? மெக்கானிக்கல் படித்த மாணவர் அணுப்பிளவு, தோரியம், ஹோமி பாபாவின் மூன்று கட்டத் திட்டம் எல்லாவற்றையும் மனப்பாடமாக வைத்திருக்கிறார். "கட்டுப்பாட்டுத் தண்டுகள் உள்ளே போய் உலை நின்றுவிட்டது. பம்ப்பையும் நிறுத்திவிடலாமா?" என்று கேட்கிறார்கள். "கூடாது, சிதைவு வெப்பம் இருக்கும்" என்று சரியாகவே சொல்கிறார். "எவ்வளவு வெப்பம்? அதை எடுக்க எவ்வளவு தண்ணீர் வேண்டும்?" என்றதும் நின்றுவிடுகிறார். சொல் தெரிகிறது, கணக்கு வரவில்லை.

கணக்கு ஒன்றும் கடினமில்லை. கூடங்குளத்தின் ஓர் யூனிட் தரும் மின்சாரம் 1000 மெகாவாட், உலையில் உண்டாகும் வெப்பம் 3000 மெகாவாட். உலை நின்ற கணத்தில் அதில் 6 முதல் 7 விழுக்காடு, அதாவது சுமார் 200 மெகாவாட், எரிபொருளின் கதிரியக்கச் சிதைவால் தொடர்ந்து வந்துகொண்டிருக்கும். சிதைவு வெப்பம் என்பது இதுதான். ஒரு நாள் கழித்து ஏறத்தாழ 0.5 விழுக்காடு, 15 மெகாவாட். வளிமண்டல அழுத்தத்தில் ஒரு கிலோ தண்ணீரைக் கொதிநிலையிலிருந்து ஆவியாக்க 2257 கிலோஜூல் தேவை. 15,000ஐ 2257ஆல் வகுத்தால் நொடிக்கு 6.6 கிலோ, மணிக்கு 24 டன். உலை நின்று ஒரு நாள் ஆன பிறகும், ஒவ்வொரு மணி நேரமும் பன்னிரண்டாயிரம் லிட்டர் தண்ணீர் லாரிகள் இரண்டு வந்தாக வேண்டும். 2011 மார்ச்சில் புகுஷிமாவில் உலைகள் நிலநடுக்கத்தின்போதே தானாக நின்றுவிட்டன. சுனாமியில் டீசல் ஜெனரேட்டர்கள் மூழ்கிக் குளிர்விப்பு போனதால்தான் எரிபொருள் உருகியது.

கேள்வி இதோடு முடியாது. சூடான தண்ணீரை இழுக்கும் பம்ப்பில் குமிழி உண்டாகி இம்பெல்லர் எனும் சுழல் சக்கரம் அரிபடுவது எப்போது? மின்சாரமே இல்லாமல் நீர் தானே சுழல வேண்டுமென்றால் நீராவி உற்பத்திக்கலன் உலை மையத்தைவிட உயரத்தில் இருக்க வேண்டியது ஏன்? எல்லாமே திரவ இயக்கவியல், வெப்பப் பரிமாற்றம். கல்லூரியில் இரண்டாம், மூன்றாம் ஆண்டுப் பாடம்.

மற்றப் பிரிவினருக்கும் இதேதான். எலெக்ட்ரிக்கல் என்றால் நம் கனநீர் உலைகளில் மின்வழங்கலை நான்கு வகுப்பாகப் பிரித்திருப்பது ஏன் என்று விளக்கத் தெரிய வேண்டும். நான்காம் வகுப்பு வெளி கிரிட்டிலிருந்து வருவது, மூன்றாவது டீசல் ஜெனரேட்டர் தாங்குவது, இரண்டாவது தடையில்லா ஏசி, முதலாவது பேட்டரி டிசி. உலோகவியல் என்றால் எரிபொருளைத் தாங்கும் அழுத்தக் குழாய்க்கு 2.5 விழுக்காடு நியோபியம் கலந்த சிர்கோனியம் ஏன், அதில் ஹைட்ரஜன் புகுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டும்.

தயாராகும் வழி: சொந்தப் பிரிவில் மூன்று பாடங்களை மட்டும் எடுங்கள். ஒவ்வொன்றிலும் அடிப்படைச் சமன்பாடுகளைப் புத்தகம் பார்க்காமல் தருவித்து எழுதுங்கள். எந்த அனுமானத்தில் எந்த உறுப்பை விட்டோம் என்பதையும் பக்கத்திலேயே குறியுங்கள். கால்குலேட்டர் இல்லாமல் தோராய விடை போட்டு, அலகு ஒத்துப்போகிறதா என்று சரிபாருங்கள். கேட் பயிற்சியில் நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்து பழகிய கைக்கு இதுதான் வராது.

தெரியாததைத் தெரிந்ததுபோல் பேசுவது

அடுத்த கேள்வியிலேயே பிடித்துவிடுவார்கள்.

ஆராய்ச்சியும் இயக்கமும் ஒன்றென்று எண்ணுவது

ஆய்வகம் வேண்டுமென்றால் பாபா மையமும் கல்பாக்கத்தின் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையமும். நிலையத்தை ஓட்ட வேண்டுமென்றால் அணுமின் கழகம். கட்டுப்பாட்டு அறையில் உட்கார உரிமம் வாங்க வேண்டும். எழுத்துத் தேர்வு, நிலையத்துக்குள் நேரடியாக நடந்து பார்க்கும் சோதனை, சிமுலேட்டர், நேர்முகம் எனச் சில ஆண்டுகள் பிடிக்கும்.

ஷிப்ட் பற்றி விசாரிக்காமல் சேர்வது

உலை தீபாவளி இரவிலும் ஓடும்.

கதிர்வீச்சைப் பற்றி எண் இல்லாமல் பேசுவது

"ஆபத்தே இல்லை" என்பதும் தவறு, "ரொம்ப ஆபத்து" என்பதும் தவறு. பணியாளருக்கு ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடல் ஏற்கும் கதிர்வீச்சின் அலகு), எந்தத் தனி ஆண்டிலும் 30, பொதுமக்களுக்கு 1. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வைத்திருக்கும் வரம்பு இது. மார்பில் அணியும் பேட்ஜ் ஒவ்வொருவரின் அளவையும் தனித்தனியே பதிவு செய்கிறது. நேர்முகக் குழு கேட்டாலும் வீட்டில் அம்மா கேட்டாலும் இதையே சொல்லுங்கள்.