அமெரிக்காவில் கேபிள் பெட்டியும் பதிவு வசதியும்: புதிதாக வருபவர்களுக்கு

அமெரிக்காவில் வாடகை வீட்டுக்குக் குடிவந்து இணைய இணைப்புக்குப் பதிவுசெய்யும்போது, அதே நிறுவனம் கேபிள் தொலைக்காட்சியையும் சேர்த்து எடுத்துக்கொள்ளச் சொல்வது வழக்கம். கிரிக்கெட்டுக்காகவோ, ஊரிலிருந்து வந்து சில மாதங்கள் தங்கும் பெற்றோருக்காகவோ பலரும் அதற்கு இசைகிறார்கள். அவ்வாறு எடுப்பவர்கள் பதிவு வசதியையும் தொடக்கத்திலேயே முறையாக அமைத்துக்கொள்வது நல்லது. இந்தியாவில் இரவு 7.30 மணிக்குத் தொடங்கும் ஐபிஎல் ஆட்டம் நியூயார்க்கில் காலை 10 மணிக்கும் கலிஃபோர்னியாவில் காலை 7 மணிக்கும் தொடங்குகிறது. இந்தியாவில் காலை 9.30 மணிக்குத் தொடங்கும் டெஸ்ட் ஆட்டமோ நியூயார்க்கில் இரவு 11 அல்லது 12 மணிக்குத் தொடங்கி விடியும்வரை நீள்கிறது. வேலைக்குப் போகிறவர் இவற்றை ஆற அமரப் பார்க்க வேண்டுமானால் பதிவுசெய்துதான் பார்க்க வேண்டும். பிற்பாடு பார்ப்பதற்காக வீட்டில் பதிவுசெய்துகொள்வது சட்டப்படி சரியானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984இலேயே தீர்ப்பளித்திருக்கிறது.

கருவி வாங்கும் முன் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். இங்கே கேபிளில் வரும் அலைவரிசைகள் பூட்டப்பட்டே வருகின்றன. அடிப்படை அலைவரிசைகளையும் பூட்டிக்கொள்ள 2012இல் அனுமதி கிடைத்தபின், சுவரிலிருந்து வரும் கம்பியைத் தொலைக்காட்சியில் நேரடியாகச் செருகிப் பார்ப்பது பெரும்பாலான இடங்களில் இயலாததாகிவிட்டது. பூட்டைத் திறப்பது கேபிள் பெட்டி. அந்தப் பெட்டியிலிருந்து எச்டிஎம்ஐ வழியாக வெளியேறும் படத்துக்கும் எச்டிசிபி என்ற நகல் தடுப்பு இருப்பதால், அதை இடைமறித்து வேறொரு கருவியில் பதிவுசெய்ய முடியாது. நம் ஊரில் பல செட்டாப் பாக்ஸ்களில் பென் டிரைவைச் செருகிப் பதிவுசெய்து பழகியவர்கள், இங்கும் அப்படியே செய்யலாம் என்று எண்ணித் தனிக் கருவிகளுக்குப் பணம் செலவழித்துவிடுகிறார்கள். கேபிள் அலைவரிசைகளைப் பதிவுசெய்ய வேண்டுமென்றால், பூட்டைத் திறக்கும் பெட்டியிலேயே பதிவு வசதியும் இருக்க வேண்டும். எனவே நிறுவனத்திடம் ‘டிவிஆர்’ எனப்படும் பதிவு வசதியுள்ள பெட்டி வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். பதிவுகள் பெட்டியிலுள்ள வன்வட்டில் (ஹார்டு டிஸ்கில்) சேமிக்கப்படுமா, நிறுவனத்தின் இணையச் சேமிப்பான கிளவுடிலா, ஒரே நேரத்தில் எத்தனை நிகழ்ச்சிகளைப் பதிவுசெய்யலாம் ஆகியவற்றையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய பொருள் விற்குமிடங்களில் டிவோ போன்ற பதிவுப் பெட்டிகள் மலிவாகக் கிடைப்பதைக் காண்பீர்கள். அவை அருமையான கருவிகள்தாம். ஆனால் கேபிளில் வேலை செய்ய அவற்றுக்குக் ‘கேபிள் கார்டு’ என்ற அட்டையை நிறுவனம் தர வேண்டும். அதைத் தந்தாக வேண்டும் என்ற விதி 2020இல் நீக்கப்பட்டுவிட்டது. உங்கள் நிறுவனம் புதிய இணைப்புக்கு அட்டை தருகிறதா என்று உறுதிசெய்யாமல் அத்தகைய பெட்டியை வாங்க வேண்டாம்.

பெட்டியைப் பொருத்துவது கடினமில்லை. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஒன்றுக்கு மேற்பட்ட அறைகளில் கேபிள் முனை இருந்தாலும், எல்லாவற்றிலும் இணைப்பு உயிருடன் இருப்பதில்லை. ஒரு முனையில் படம் வராவிட்டால் அடுத்ததில் முயன்று பாருங்கள். சுவர் முனையிலிருந்து கோஆக்சியல் எனும் கேபிள் கம்பியைப் பெட்டியின் உள்ளீட்டில் திருகி விரலால் இறுக்குங்கள். பின்னர் பெட்டியிலிருந்து எச்டிஎம்ஐ கம்பியைத் தொலைக்காட்சிக்குக் கொடுத்து, எந்தத் துளையில் செருகினீர்களோ அதே எண்ணைத் தொலைக்காட்சி ரிமோட்டில் தேர்ந்தெடுங்கள். இணைய மோடமும் அதே முனையிலிருந்து போக வேண்டுமானால் ஸ்ப்ளிட்டர் தேவைப்படும். இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரே ஒவ்வொரு கிளையிலும் சமிக்ஞையின் வலுவைப் பாதிக்கு மேல் குறைத்துவிடும் என்பதால், தேவைக்கு மிஞ்சிய கிளைகள் கொண்டதை வாங்காதீர்கள். படம் கட்டம் கட்டமாக உடைந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியவை தளர்ந்த திருகும் மோசமான ஸ்ப்ளிட்டரும்தான். கடைசியாக நிறுவனத்தின் செயலியிலோ தொலைபேசியிலோ பெட்டியைச் செயல்படுத்துங்கள். அது தன்னைப் புதுப்பித்துக்கொண்டு நிகழ்ச்சி அட்டவணையை இறக்கும்வரை மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டாம்.

மின்சாரம் பற்றி இன்னும் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் பதிவு தவறிப்போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். படுக்கப்போகும் முன் எல்லாச் சுவிட்சையும் அணைப்பது நம் வளர்ப்பில் ஊறிய நல்ல பழக்கம். வன்வட்டில் பதிவுசெய்யும் பெட்டிக்கு மட்டும் அதிலிருந்து விலக்கு அளியுங்கள். மின்சாரம் இல்லாத நேரத்தில் அது எதையும் பதிவுசெய்யாது. இங்குள்ள பல வீடுகளில் கூடத்திலிருக்கும் மின்செருகி ஒன்று, வாசலருகே உள்ள சுவர்ச் சுவிட்சால் இயங்கும். மேசை விளக்குக்காக அமைத்த அந்தச் செருகியில் பெட்டியை இணைத்துவிட்டால், வீட்டில் யாரோ விளக்கென்று நினைத்து அணைக்கும்போது பதிவும் நின்றுவிடும். இணைக்கும் முன் ஒரு விளக்கைச் செருகி, சுவர்ச் சுவிட்சுகளைப் போட்டு அணைத்துச் சோதித்துப் பாருங்கள்.

பதிவு அமைப்பில் தவறாமல் மாற்ற வேண்டியது முடிவு நேரம். அட்டவணையில் குறிக்கப்பட்ட நேரத்தோடு பெட்டி பதிவை நிறுத்திவிடும். இருபது ஓவர் ஆட்டமோ மழையாலும் தாமதத்தாலும் நீண்டுகொண்டே போகும். கடைசி ஓவர் இல்லாத ஆட்டத்தைப் பார்ப்பது எவ்வளவு வேதனை என்று கிரிக்கெட் ரசிகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நேரடி ஒளிபரப்பு ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஒரு மணி நேரம் கூட்டிவையுங்கள். கைமுறையாக நேரம் குறித்துப் பதிவுசெய்வதை இயன்றவரை தவிருங்கள். மார்ச் மாத இரண்டாம் ஞாயிறன்றும் நவம்பர் முதல் ஞாயிறன்றும் இங்கே கடிகாரம் மாற்றப்படுகிறது, இந்தியாவிலோ மாற்றப்படுவதில்லை. ஆகவே அந்த நாள்களுக்குப்பின் நம் ஆட்டங்கள் தொடங்கும் உள்ளூர் நேரம் ஒரு மணி நேரம் நகர்ந்துவிடும். அட்டவணையில் நிகழ்ச்சியையே தேர்ந்தெடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. தொடர்களுக்குப் ‘புதிய பகுதிகள் மட்டும்’ என்று அமைப்பது இடத்தை மிச்சப்படுத்தும். அம்மா விரும்பிப் பார்ப்பவற்றுக்கு ‘நானே அழிக்கும்வரை’ என்று குறித்துவிடுங்கள். இல்லையேல் இடம் நிரம்பும்போது பெட்டி பழையவற்றைத் தானே நீக்கிவிடக்கூடும்.

உள்ளூர்ச் செய்தியும் பிபிஎஸ் என்ற பொதுத் தொலைக்காட்சியின் குழந்தைகள் நிகழ்ச்சிகளும் போதும் என்பவர்களுக்குக் கேபிளே தேவையில்லை. ஏபிசி, சிபிஎஸ், என்பிசி, ஃபாக்ஸ், பிபிஎஸ் ஆகியவை பெரும்பாலான நகரங்களில் ஆன்டெனாவில் இலவசமாகக் கிடைக்கின்றன. டாப்லோ போன்ற ஆன்டெனாவுக்குரிய பதிவுக் கருவியை வாங்கிச் சொந்தமாகவே வைத்துக்கொள்ளலாம். உயர்தெளிவுப் படத்துக்கு மணிக்குச் சுமார் 6 முதல் 8 ஜிபி இடம் பிடிக்கும் என்பதைக் கணக்கிட்டு வன்வட்டின் அளவைத் தேர்ந்தெடுங்கள். இந்தியாவிலிருந்து கொண்டுவந்த தொலைக்காட்சியின் ட்யூனர் இங்குள்ள ஒளிபரப்பைப் பெறாது.

ஒப்பந்தத்தின்போது பெட்டி வாடகை, டிவிஆர் சேவைக் கட்டணம், உள்ளூர் ஒளிபரப்புக் கட்டணம், வரி அனைத்தும் சேர்ந்த மாதத் தொகையைக் கேளுங்கள். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நிறுவனம் அந்த மொத்தத்தைத் தெரிவித்தாக வேண்டும்; எழுத்து வடிவில் அது கிடைத்த 24 மணி நேரத்துக்குள் அபராதமின்றி விலகவும் உங்களுக்கு உரிமை உண்டு. வீடு மாறும்போதோ சேவையை நிறுத்தும்போதோ பெட்டி, ரிமோட், மின்கம்பி அனைத்தையும் திருப்பிக் கொடுத்து, பெட்டியின் வரிசை எண் குறிக்கப்பட்ட ரசீதைப் பெற்றுப் பத்திரப்படுத்துங்கள். பெட்டியில் இருந்த பதிவுகள் பெட்டியோடு போய்விடும், கிளவுடில் இருப்பவை கணக்கோடு மூடப்படும். பார்க்க வேண்டியவற்றை அதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.